முள்வேலிக்குள் போன கடிதங்கள்

போரின் வரலாற்றில் சிறைபிடிக்கப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் இடம் சிறியது. அவர்களுக்குக் கடிதம் எழுதியவர்களுக்குக் கிடைப்பது அதைவிடச் சிறியது. அதிலும் உறவோ முன்பழக்கமோ இல்லாமல், ஒரு பட்டியலில் பெயரைப் பார்த்து அந்தப் பெயருக்கு எழுதியவர்கள் அடிக்குறிப்போடு நின்றுவிடுகிறார்கள். முதல் உலகப் போரின்போது பிரான்சிலும் பிரிட்டனிலும் இந்த வழக்கம் வீடு வீடாகப் பரவியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் வேறொரு வடிவம் எடுத்தது. நல்ல மனிதர்களின் இரக்கம் என்று பாராட்டிவிட்டு இதைக் கடந்துபோவதுதான் வாடிக்கை. அந்தப் பாராட்டு போதாது என்பது என் வாதம். முகமறியாத ஒருவர் அனுப்பிய கடிதமும் பார்சலும், கைதியைக் கணக்கில் உள்ள ஒருவனாகச் சிறைக் காவலர்கள் கண்ணிலும் அவனுடைய சொந்த அரசின் கண்ணிலும் நிறுத்திவைத்தன. அவன் உயிர் பிழைத்தானா இல்லையா என்பதில் அவற்றுக்கு நேரடிப் பங்கு இருந்தது. அதே சமயம், அந்த இரக்கம் தானாக எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடவில்லை. பெயர்ப் பட்டியலும் முகவரியும் இலவசத் தபாலும் நடுநிலை நாட்டு அலுவலகமும் இருந்த இடத்துக்கு மட்டுமே போனது. அவை இல்லாத இடங்களில் லட்சக்கணக்கானோர் ஒரு கடிதமும் இல்லாமல் மாண்டார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு.

இந்த வழக்கத்துக்கு அடிப்படை போட்டது ஒரு சட்டம். 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையோடு இணைந்த விதிகளில் 14ஆவது விதி, போர் மூண்டதும் ஒவ்வொரு நாடும் தன் பிடியில் உள்ள கைதிகளைப் பற்றிய தகவல் அலுவலகம் ஒன்றைத் திறக்க வேண்டும் என்றது. 16ஆவது விதி, கைதிக்கு வரும் கடிதம், மணியார்டர், பார்சல் எதற்கும், அவன் அனுப்பும் எதற்கும், புறப்படும் நாட்டிலோ சேரும் நாட்டிலோ வழியில் கடக்கும் நாட்டிலோ தபால் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. காகிதத்தில் இருந்த இந்த இரண்டு விதிகளுக்கும் உயிர் கொடுத்த ஊர் ஜெனீவா. 1914 ஆகஸ்ட் 21 அன்று சர்வதேச செஞ்சிலுவைக் குழு அங்கே போர்க்கைதிகளுக்கான முகமை ஒன்றைத் தொடங்கியது. ராத் அருங்காட்சியகக் கட்டடத்தில் நீண்ட மேசைகளைப் போட்டு, அட்டைப் பெட்டிகளை அடுக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வேலை செய்தார்கள். ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த பட்டியல்களைப் பெயர் பெயராகப் பிரித்து அட்டைகளில் எழுதினார்கள். காணாமல்போனவனைத் தேடி வீட்டார் எழுதிய விண்ணப்பத்துக்கு வேறொரு அட்டை. இரண்டும் ஒரே பெயரில் சந்தித்த நாளில் ஒரு வீட்டுக்குச் செய்தி போனது. போர் முடியும்போது அங்கே சேர்ந்திருந்த அட்டைகள் ஏறத்தாழ 70 லட்சம். பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலண்ட் 1914இன் பிற்பகுதியிலும் 1915இன் முற்பகுதியிலும், சிப்பாய்கள் அல்லாத குடிமக்களைத் தேடும் பிரிவில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தார். முகமறியாதவர் எழுதிய கடிதங்களின் கதையை இந்த அட்டைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். யாருக்கு எழுதுவது என்று தெரிந்தால்தான் எழுத முடியும்.

பிரான்சில் இந்த வழக்கம் ஒரு குறிப்பிட்ட துயரத்திலிருந்து பிறந்தது. 1914 இலையுதிர் காலத்துக்குள் லீல் நகரம் உட்பட வடபகுதி முழுவதும் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியைச் சேர்ந்த சிப்பாய்களுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையே போர்முனை நின்றது. மற்ற சிப்பாய்கள் வீட்டுக் கடிதத்தைப் பிரிக்கும்போது இவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. இவர்களுக்காக 1915இன் தொடக்கத்தில் மார்கரித் தெ லென்ஸ் என்பவர் ‘சிப்பாயின் குடும்பம்’ என்ற பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். விருப்பமுள்ள பெண் ஒருவருக்கு ஒரு சிப்பாயின் பெயரும் முகவரியும் தரப்படும். அவர் அவனுக்குக் கடிதம் எழுதுவார், தன்னால் முடிந்த கம்பளிக் காலுறையோ புகையிலையோ தின்பண்டமோ அனுப்புவார். இப்படி எழுதியவர்கள் போர்க்கால ஞானத்தாய்கள் என்று அழைக்கப்பட்டார்கள். போர்முனைச் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய இந்த ஏற்பாடு சிறைமுகாம்களில் இருந்தவர்களையும் எட்டியது. வடபகுதிக் கைதிக்கு வேறு வழியே இல்லை. அவன் ஊரும் எதிரியின் பிடியில் இருந்தது, அவனும் எதிரியின் பிடியில் இருந்தான். எந்தத் தாயாலும் அவனுக்கு ரொட்டி அனுப்ப முடியாது. பாரிசிலோ லியோனிலோ இருந்த ஒரு பெண் அந்தத் தாயின் இடத்தில் நின்றால்தான் உண்டு.

ரொட்டி என்பது இங்கே பேச்சுக்காகச் சொல்வதல்ல. போரின் முடிவில் ஜெர்மனியின் பிடியில் சுமார் 25 லட்சம் கைதிகள் இருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மானிய மக்களுக்கே உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. முகாமில் கிடைத்தது டர்னிப் கிழங்கு மிதக்கும் நீர்த்த சூப்பும் கலப்பட மாவில் சுட்ட கறுப்பு ரொட்டியும்தான். வெளியிலிருந்து வந்த பார்சல்தான் கைதியின் உண்மையான சாப்பாடு. பிரிட்டனிலிருந்து கிளம்பிய ரொட்டி, கோடைகாலத்தில் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் நடுநிலை நாடுகளான சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்திலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் ரொட்டி அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. பணம் லண்டனிலிருந்து போகும், ரொட்டி பக்கத்து நாட்டிலேயே சுட்டு அனுப்பப்படும். பெர்ன் அலுவலகத்தை நடத்தியவர் அங்கிருந்த பிரிட்டிஷ் தூதரின் மனைவி கிராண்ட் டஃப் சீமாட்டி. சென்னை மெரினாவுக்கு அந்தப் பெயரை வைத்த ஆளுநர் கிராண்ட் டஃபின் மருமகள் அவர். பிரிட்டனிலோ ஊர்க்குழுக்களும் ரெஜிமெண்ட் குழுக்களும் கைதிகளைப் பெயர் சொல்லித் ‘தத்து’ கொடுத்தன. மாதாமாதம் ஒரு தொகை கட்டி, இன்ன முகாமில் உள்ள இன்ன எண் கைதிக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். அவர் அந்தக் கைதியின் முகத்தை ஒருநாளும் பார்த்திருக்கத் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைப் புரிந்துகொள்ள அதிலிருந்த மிகச் சிறிய பொருளைப் பார்க்க வேண்டும். பார்சலுக்குள் முகவரி அச்சிட்ட ஓர் அட்டை இருக்கும். பார்சல் கிடைத்தது, இன்ன நிலையில் கிடைத்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கைதி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஜெர்மன் முகாம்களில் சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் இரண்டு கடிதமும் நான்கு தபால் அட்டையும் எழுத அனுமதி இருந்தது. அவற்றைத் தணிக்கை அதிகாரி படிப்பார், பல நாள் தாமதித்தே அனுப்புவார். பார்சல் ரசீது அட்டை அந்தக் கணக்குக்கு வெளியே நின்றது. அதில் வேறெதுவும் எழுத இடமில்லை, உணர்ச்சிக்கும் இடமில்லை. ஆனால் ஒரு பெயரும் தேதியும் கையெழுத்தும் இருந்தன. அட்டை வந்தால் இந்த நாளில் இந்த மனிதன் உயிரோடு இருந்தான், அவன் பார்சலைக் காவலர்கள் பறித்துக்கொள்ளவில்லை என்று பொருள். அட்டை வராமல் நின்றால் தத்தெடுத்தவர் குழுவுக்கு எழுதுவார், குழு லண்டன் அலுவலகத்துக்கு எழுதும், அங்கிருந்து கேள்வி நடுநிலை நாட்டுத் தூதரகம்வரை போக முடியும். முகாம்களைப் பார்வையிட நடுநிலை நாட்டுப் பிரதிநிதிகளுக்கு அனுமதி இருந்ததால் அந்தக் கேள்விக்கு மதிப்பு இருந்தது. முகமறியாதவரின் அன்பு இப்படி ஒரு கண்காணிப்பாகவும் வேலை செய்தது. அவருக்கு அந்த எண்ணம் இருந்ததா என்பது முக்கியமில்லை. தான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்கு ஒவ்வொரு கைதியின் பேரிலும் ஒருவர் இருந்தார் என்பதுதான் முக்கியம்.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. கைதிகளைக் காப்பாற்றியது மாவும் கொழுப்பும் சர்க்கரையும்தானே, கடிதத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். உணவு இல்லாமல் கடிதத்தால் யாரும் பிழைத்திருக்க முடியாது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உணவு இருந்தும் முகவரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1918ஆம் ஆண்டு சான்று. அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கிய ஜெர்மானியப் பெருந்தாக்குதலில் பல்லாயிரம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பிடிபட்டார்கள். அவர்களில் பலர் ஜெர்மனிக்குள் உள்ள முகாம்களுக்குக் கொண்டுபோகப்படாமல், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போர்முனைக்குப் பின்னாலேயே குண்டு சுமக்கவும் சாலை போடவும் நிறுத்தப்பட்டார்கள். ஏட்டளவில் அவர்கள் லிம்பர்க் போன்ற முகாம்களில் இருப்பதாகப் பதிவானது. வீட்டுக்கு எழுதிய அட்டையிலும் அந்த முகவரியே இருந்தது. பார்சல்கள் லிம்பர்குக்குப் போயின, ஆட்கள் அங்கே இல்லை. லண்டன் கிடங்கில் மாவும் இருந்தது, கொழுப்பும் இருந்தது. அதே நாடு, அதே படை, அதே செஞ்சிலுவைக் குழு. ஆனாலும் முகாமில் முறையாக இருந்த தோழர்கள் பார்சலைப் பிரித்துத் தின்ற அதே மாதங்களில் இவர்கள் எலும்பும் தோலுமாகிச் செத்தார்கள். இரு சாராருக்கும் இடையில் இருந்த வேறுபாடு, கடிதம் போய்ச் சேரக்கூடிய ஓர் இடம் ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை என்பதுதான்.

இரண்டாவது சான்று இத்தாலி. அது இன்னும் கொடியது. முதல் உலகப் போரில் சுமார் 6 லட்சம் இத்தாலியச் சிப்பாய்கள் பிடிபட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 1917 அக்டோபரில் தொடங்கிய கபரேத்தோ தோல்வியில் சிக்கியவர்கள். பிரான்ஸ் அரசு தன் கைதிகளுக்கு மொத்தமாக ரொட்டி அனுப்பியது. பிரிட்டனில் குழுக்கள் அனுப்பின. இத்தாலிய அரசு மறுத்தது. பிடிபட்டவன் கோழை, துரோகி என்ற சந்தேகம் மேலிடத்தில் ஊறியிருந்தது. சிறையில் சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்தால் இன்னும் பலர் சரணடைவார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். வீட்டார் தனியாக அனுப்பும் பார்சலுக்கு அனுமதி இருந்தது, ஆனால் ஏழைக் குடியானவன் வீட்டில் அனுப்ப என்ன இருக்கும்? அரசு இப்படி நடந்துகொண்ட நாட்டில் முகமறியாதவர் முன்வருவதற்கும் ஊக்கம் இல்லை, மரியாதையும் இல்லை. துரோகி என்று சொல்லப்பட்டவனைத் தத்தெடுக்க யார் வருவார்? ஏறத்தாழ 1 லட்சம் பேர் ஆஸ்திரிய, ஜெர்மன் முகாம்களில் பசியாலும் காசநோயாலும் மாண்டார்கள். பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கைதிகளின் இறப்பு விகிதம் இதைவிட வெகு குறைவு. இத்தாலியக் கைதிகளுக்குள்ளேயே வசதியான வீடுகளிலிருந்து பார்சல் வரப்பெற்ற, முகாமிலும் சற்று நல்ல நிலையில் இருந்த அதிகாரிகளில் இறந்தவர்கள் மிகச் சிலரே. கபரேத்தோவில் பிடிபட்ட பிற்கால நாவலாசிரியர் கார்லோ எமிலியோ காத்தா சிறையில் எழுதிய நாட்குறிப்பில் பசி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, இத்தனைக்கும் அவர் அதிகாரி. எதிரி நாடு அதே எதிரி நாடுதான். மாறியது, ஊரில் இவனுக்காகக் கேட்க யாராவது இருக்கிறார்களா என்பது.

இந்த ஒப்பீட்டிலிருந்து அரசே எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும், தனியார் இரக்கம் தேவையில்லை என்ற முடிவுக்கும் வரலாம். இரண்டாவது மறுப்பு இதுதான், அது பிரிட்டனிலேயே செயலாகச் சோதிக்கப்பட்டது. தத்தெடுக்கும் முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. நல்ல ரெஜிமெண்டில் இருந்தவனுக்கு, பெயர் பத்திரிகையில் வந்தவனுக்கு, பார்சல்கள் குவிந்தன. கேட்பாரற்றவனுக்கு ஒன்றும் வரவில்லை. கூடவே, கேக்குக்குள்ளும் காலுறைக்குள்ளும் ரகசியச் செய்தி போய்விடும் என்று படைத்துறையும் பயந்தது. 1916இன் இறுதியில் செஞ்சிலுவைச் சங்கமும் புனித ஜான் அமைப்பும் சேர்ந்து நடத்திய மத்தியப் போர்க்கைதிகள் குழு பொறுப்பை எடுத்துக்கொண்டது. அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் மட்டுமே பொதி கட்டலாம். ஒவ்வொரு கைதிக்கும் இரண்டு வாரத்துக்கு மூன்று உணவுப் பார்சலும் 13 பவுண்டு ரொட்டியும் என்று அளவு வகுக்கப்பட்டது. சமத்துவத்தை நோக்கினால் இது சரியான முடிவு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. 1917இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து இக்குழுவின் நடைமுறையை விசாரிக்க வேண்டியதாயிற்று. தாய்மார்களும் தத்தெடுத்தவர்களும் கேட்டது கூடுதல் சலுகையை அல்ல. பணத்தை ஓர் அலுவலகத்தில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளச் சொல்லாதீர்கள், அவனுக்குப் போகும் பொருளில் எங்கள் கைபட்ட ஏதாவது இருக்கட்டும் என்றார்கள். அதன்பின் உறவினர் தம் கையால் ஒரு சிறு பொதியாவது அனுப்ப வழி திறந்தது.

இந்த எதிர்ப்பை வெறும் உணர்ச்சிவசம் என்று ஒதுக்கிவிட முடியாது. மத்தியக் குழு கைதியின் வயிற்றைக் கவனித்துக்கொண்டது. ஆனால் கைதி எண்ணிக்கையாகிவிட்டால், எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததை உடனே கவனிக்க ஆளில்லாமல் போகிறது. கிடங்கிலிருந்து 1,000 பார்சல் போய் 970 ரசீது வந்தால் அதிகாரிக்கு அது நல்ல கணக்கு. மீதி முப்பதில் ஒருவனுக்குப் பொறுப்பேற்றவருக்கு அது நல்ல கணக்கு அல்ல. எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுப்பது அரசால்தான் ஆகும், ஒருவனுடைய பெயரை விடாமல் கேட்பது தனிமனிதரால்தான் ஆகும். இரண்டும் ஒன்றையொன்று நிரப்பின, ஒன்று மற்றதற்கு மாற்றாக இருக்கவில்லை. இதைவிட எளிதாக முன்வைக்கப்பட்ட பழி ஒன்றும் உண்டு. பிரான்சில் ஞானத்தாய்களின் கடிதங்களைக் காதல் விளையாட்டு என்று கேலிச்சித்திரங்கள் வரைந்தார்கள். துணை தேடும் விளம்பரங்கள் அந்தப் பெயரில் இதழ்களில் வந்ததும் உண்மைதான். ஆனால் ஒழுக்கக் காவலர்களின் கோபம் விழுந்தது முக்கியமாகப் போர்முனைச் சிப்பாய்க்கு எழுதியவர்கள்மீது. விடுமுறையில் அவன் பாரிசுக்கு வருவான், சந்திப்பு நடக்கும். முகாமில் இருந்த கைதியால் வர முடியாது. மாதத்துக்குச் சில அட்டைகளே எழுத முடிந்த, அவற்றையும் தணிக்கையாளர் படித்த ஒருவனோடு எந்த விளையாட்டும் நீடித்திருக்காது. பலன் எதுவும் எதிர்பார்க்க இயலாத இடத்திலும் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள் என்றால், அந்த வழக்கத்தின் பெரும்பகுதியை அந்தக் கேலி விளக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் முகமறியாதவரின் கடிதம் திசை மாறியது. 1929 ஜெனீவா உடன்படிக்கை கைதிகளின் கடிதப் போக்குவரத்தை ஹேக் விதிகளைவிட விரிவாக வகுத்திருந்தது. பார்சல் வேலை பெரிய அமைப்புகளிடம் போயிருந்தது. லண்டனில் இந்தியா ஹவுஸ் கட்டடத்திலிருந்து இயங்கிய இந்தியன் கம்ஃபர்ட்ஸ் ஃபண்ட், ஐரோப்பாவில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு ஆட்டா, பருப்பு, மசாலா சேர்ந்த பார்சல்களை லட்சக்கணக்கில் அனுப்பியது. தனிமனிதருக்கு எஞ்சியிருந்த வேலை ஒன்றுதான். பிடிபட்டவன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தியை அவன் வீட்டுக்கு விரைவாகச் சேர்ப்பது. ஜெனீவா வழியே பட்டியல் வருவதற்கு வாரங்களும் மாதங்களும் பிடித்தன. ஆனால் பெர்லினின் சிற்றலை வானொலி, பிடிபட்ட அமெரிக்கர்களின் பெயரையும் எண்ணையும் வீட்டு முகவரியையும் இரவுதோறும் வாசித்தது. டோக்கியோ வானொலியும் கைதிகளின் செய்திகளை ஒலிபரப்பியது. கேட்பவர்களை இழுத்துப் பிடித்து நடுவில் பிரச்சாரம் செய்வதற்கான தூண்டில் அது. அமெரிக்கா போரில் இறங்கியதும் அங்கே அமெச்சூர் வானொலிக்காரர்கள் ஒலிபரப்பத் தடை வந்தது, கேட்கத் தடையில்லை. கரகரப்புக்கும் மங்கலுக்கும் நடுவே காதைத் தீட்டிக்கொண்டு, பெயரையும் தெருவையும் ஊரையும் கிறுக்கி எடுத்து, ஒரு சென்ட் தபால் அட்டையில் அந்த முகவரிக்கு எழுதிப் போட்டார்கள். ஒரே கைதியின் பெற்றோருக்குப் பல மாநிலங்களிலிருந்தும் அட்டைகள் வந்து குவிந்தன. லிசா ஸ்பார் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் தாத்தா போர்க்கைதியாக இருந்தபோது அவர் வீட்டுக்கு வந்த அத்தகைய கடிதங்களைக் கண்டெடுத்து நூலாக்கியிருக்கிறார். அலை மங்கியதால் ஒரு கடிதத்தில் பெயர் சிதைந்திருக்கும், இன்னொன்றில் தெரு எண் மாறியிருக்கும். பல கடிதங்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது செய்தி உறுதிப்பட்டது. ஒருவர் காது தவறவிட்டதை இன்னொருவர் காது பிடித்திருந்தது.

மூன்றாவது மறுப்பு இங்கேதான் கூர்மையாகிறது. எதிரி போட்ட தூண்டிலை இவர்கள் ஊர் ஊராகச் சுமந்தார்கள், எதிரியின் ஒலிபரப்புக்குக் கேட்பவர்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். அமெரிக்க அரசுக்கும் அந்தக் கவலை இருந்தது. அரசின் கேட்பு நிலையங்கள் அந்தப் பெயர்களைப் பதிவு செய்தன. குடும்பத்துக்குத் தந்தி அனுப்பும்போது, இது எதிரியின் ஒலிபரப்பிலிருந்து கிடைத்தது, உறுதி செய்யப்படும்வரை முழுதாக நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே போனது. பெர்லின் அறிவிப்பாளர் மில்ட்ரெட் கில்லர்ஸ் செஞ்சிலுவைப் பணியாளர் என்று சொல்லிக்கொண்டு முகாம்களுக்குப் போய்க் கைதிகளின் குரலைப் பதிவு செய்தார், 1949இல் தேசத் துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். ஆக, இந்தச் செய்திகள் வந்த வழி கறைபட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அட்டை எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். பிரச்சாரத்தை விட்டுவிட்டுப் பெயரையும் முகவரியையும் மட்டும் எடுத்தார்கள். பெற்றோர் இனி ஒவ்வொரு இரவும் பெர்லினைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டிய தேவையை அந்த அட்டை குறைத்தது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கைதியின் பெயரை உலகறிய வாசித்த அரசு, அவன் தன் கையில் இல்லை என்று பிறகு சொல்ல முடியாது. பிரச்சாரத்துக்காகவே வாசித்தாலும் அது ஒப்புக்கொண்ட சாட்சியம். அந்தச் சாட்சியத்தைப் பல ஊர்களில் பல கைகள் எழுதிவைத்துவிட்டன.

பெயர் வாசிக்கப்படாதவர்கள் கதி என்ன என்பதில்தான் என் வாதத்தின் கனமான பகுதி இருக்கிறது. சோவியத் யூனியன் 1929 உடன்படிக்கையில் சேரவில்லை. 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் பிறப்பித்த 270ஆம் எண் ஆணை சரணடைவதைத் துரோகமாக்கி, குடும்பங்களையும் தண்டனைக்கு உள்ளாக்கியது. ஜெர்மானியரிடம் பிடிபட்ட சுமார் 57 லட்சம் சோவியத் கைதிகளில் சுமார் 33 லட்சம் பேர் இறந்தார்கள். இதற்கு முதற்காரணம் நாஜிகளின் இனவெறிக் கொள்கை. கடிதம் வந்திருந்தால் அந்தக் கொள்கை மனம் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டியலும் இல்லை, அஞ்சலும் இல்லை, கேட்கும் அரசும் இல்லை என்ற நிலை அந்தக் கொள்கைக்கு எந்தத் தடையும் இல்லாமல் செய்தது. தமிழர்களுக்கு நெருக்கமான சான்று சயாம் மரண ரயில். 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியப் படை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதையைப் போட்டது. 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜப்பான் 1929 உடன்படிக்கையில் கையெழுத்திட்டும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்தக் கைதிகளுக்குப் படை எண் இருந்தது. உடல்நிலை, வேலை பற்றி அச்சடித்த வாக்கியங்களைக் கொண்ட அட்டையை வீட்டுக்கு எப்போதாவது அனுப்ப முடிந்தது, பின்னாளில் வீட்டிலிருந்து 25 சொல்லுக்கு உட்பட்ட கடிதம் வந்தது. காஞ்சனபுரி கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலான கல்லில் பெயர் இருக்கிறது.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எனப் பெருங்கூட்டம் உழைத்தது. அவர்கள் போர்க்கைதிகளாகக் கருதப்படவில்லை, கூலிகள் என்றே கணக்கிடப்பட்டார்கள். ஜெனீவாவுக்கு அவர்கள் பட்டியல் எதுவும் போகவில்லை. மலாயாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே தபாலே நின்றுபோயிருந்த ஆண்டுகள் அவை. கேட்பதற்கு ஊரில் யாருக்கும் வழி இல்லை. தோட்டத்தில் ஏமாற்றியும் மிரட்டியும் ரயிலேற்றப்பட்டவர் எந்தக் கிலோமீட்டரில் விழுந்தார் என்பது அவர் மனைவிக்கும் தெரியாது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை மதிப்பீடுதான், பரவலாகச் சொல்லப்படும் எண் 90,000ஐ ஒட்டியது. மதிப்பீடு என்ற சொல்லே போதுமான சான்று. கைதிகளின் இறப்பை எண்ண முடிகிறது, கூலிகளின் இறப்பை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைத்த எழுத்துச் சான்றுகளில் ஒரு பகுதி, 1943இல் அவர்களைக் கவனிக்க அனுப்பப்பட்ட கைதி மருத்துவக் குழுவினர் விட்டுச்சென்றது. இன்னொரு பகுதி பிழைத்து வந்தவர்களின் வாய்மொழி. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் அதை ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலாக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் ஏடுகளில் அந்த மனிதர்கள் இல்லை. ஐரோப்பியரின் நெஞ்சில் ஈரம் அதிகம், நம்மவர் நெஞ்சில் குறைவு என்று இதிலிருந்து யாராவது முடிவு செய்தால் அது பெரும் தவறு. தத்தெடுக்க ஒரு பெயர் தரப்பட்டிருந்தால் மதுரையிலும் தஞ்சையிலும் தத்தெடுத்திருப்பார்கள். பெயர்தான் தரப்படவில்லை.

1949இல் ஜெனீவா உடன்படிக்கைகள் திருத்தி எழுதப்பட்டபோது இந்த அனுபவம் முழுவதும் சட்டமாக இறுகியது. மூன்றாவது உடன்படிக்கையின் 70ஆவது பிரிவு, முகாம் வந்து ஒரு வாரத்துக்குள் கைதி தன் இருப்பைத் தெரிவிக்கும் அட்டை எழுத வகை செய்கிறது. 71ஆவது பிரிவு, மாதம் இரண்டு கடிதத்துக்கும் நான்கு அட்டைக்கும் குறையாமல் அனுப்பும் உரிமையைத் தருகிறது. முதல் உலகப் போர் முகாம்களில் சலுகையாக இருந்த அதே அளவு, இப்போது சட்டம் வகுத்த கீழ்வரம்பு. 72ஆவது பிரிவு, கைதிக்குத் தனியாகவும் கூட்டாகவும் பார்சல் வரலாம் என்கிறது. தத்தெடுத்தவர்களும் மத்தியக் குழுவும் 1917இல் மோதிக்கொண்ட இரண்டு வழிகளும் இங்கே அருகருகே இடம்பெற்றிருக்கின்றன. நான்காவது உடன்படிக்கை, அடைத்துவைக்கப்பட்ட குடிமக்களுக்கும் கடித உரிமையை நீட்டியது. இவற்றைச் சட்ட வல்லுநர்கள் எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் எழுத வேண்டியது எது என்று அவர்களுக்குக் காட்டியது, ரசீது அட்டை வரவில்லையே என்று விடாமல் கேட்ட சாதாரண மனிதர்களின் பழக்கம். இன்றைக்கும் எந்தப் போரிலும், எந்த உள்நாட்டுச் சண்டையிலும், ஆட்கள் பிடித்துச் செல்லப்படும்போது முதலில் எழ வேண்டிய கோரிக்கை பெயர்ப் பட்டியலை வெளியிடு என்பதே. பட்டியலை மறைக்கும் அரசு மறைப்பது காகிதத்தை மட்டுமல்ல, அந்தப் பெயருக்கு எழுதக்கூடிய, அனுப்பக்கூடிய, கேட்கக்கூடிய அத்தனை பேரின் கையையும் சேர்த்துத்தான் கட்டுகிறது. பட்டியல் வந்தபின் அந்தப் பெயர்களில் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்குவது நம் பொறுப்பு. சென்ற நூற்றாண்டில் அதைச் செய்தவர்களுக்கு எந்த நாடும் பெரிதாகச் சிலை வைக்கவில்லை. ஆனால் முகாம்களிலிருந்து நடந்து வெளியே வந்தவர்களில் கணிசமானோர் அவர்களால் வந்தார்கள் என்பதைப் போரின் வரலாறு தன் முதன்மைப் பக்கங்களிலேயே எழுத வேண்டும்.